பாலக்காட்டு மலையும் பட்டாளத்துக் கயிறும்

2022 பிப்ரவரியில் மலம்புழை குறும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் சிக்கிக்கொண்டதைப் பாலக்காட்டுப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நண்பர்களோடு ஏறப் போனவர், கால் வழுக்கி, செங்குத்துப் பாறையின் நடுவில் ஒரு பிளவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் நாற்பது மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்த குழுவும், பெங்களூரிலிருந்து வந்த பாராசூட் படை வீரர்களும் சேர்ந்து மலைமேல் ஏறி, கயிற்றில் இறங்கி, 9ஆம் தேதி காலையில் அவரை மேலே கொண்டுவந்தார்கள்.

டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் கைதட்டினார்கள். பாலக்காட்டு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வாளையார், சித்தூர்ப் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு மட்டும் வேறொரு கேள்வி வந்தது. இதையெல்லாம் எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள்? நமக்கும் கற்றுக்கொடுப்பார்களா? நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் சுற்றுவழி.

முதலில் அந்த மீட்பையே பிரித்துப் பார்க்கலாம். பாறைச் சுவரை ஒட்டி ஹெலிகாப்டரை நிறுத்த முடியாது. இறக்கை பாறையில் தட்டிவிடும். அது கிளப்பும் காற்றே பிளவில் இருப்பவரைத் தள்ளிவிடவும் கூடும். கீழிருந்து ஏறலாம் என்றால், முன்னால் போகிறவர் வழியெல்லாம் பாறையில் பிடிமானம் பதித்துக்கொண்டே போக வேண்டும். வழவழவென்ற பாறையில் அது எளிதில் ஆகிற காரியமில்லை, நேரத்தையும் தின்றுவிடும். ஆகவே மேலிருந்து. நல்ல மரத்திலோ அசையாத பாறையிலோ இரண்டு மூன்று இடத்தில் கயிற்றைக் கட்டி, பாரம் ஒரே இடத்தில் விழாமல் பங்கிட்டு, ஒருவரை இறக்க வேண்டும். பாறை விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் சாக்கையோ தடித்த துணியையோ மடித்து வைக்க வேண்டும். இறங்குகிறவரிடம் இன்னொரு ஹார்னெஸ், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டை, இருக்கும். சிக்கியவருக்கு முதலில் தண்ணீர், அப்புறம் ஹார்னெஸ், அப்புறம் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. அதன் பிறகு இரண்டு ஆள் பாரத்தை மேலே இருப்பவர்கள் இழுக்க வேண்டும். இதில் எந்த இடத்திலும் வீரசாகசம் கிடையாது. ஒவ்வொன்றும் நூறு தடவை செய்து கைக்குப் பழகிய வேலை.

கயிற்றிலேயே இரண்டு சாதி உண்டு. ஏறுகிறவர் தவறி விழுந்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது டைனமிக் கயிறு. இறங்கவும், ஆளையோ சாமானையோ இழுக்கவும் அதிகம் நீளாத ஸ்டேடிக் கயிறு. இரண்டிலும் உள்ளே நூல் திரள் ஒன்று பாரத்தைத் தாங்கும். வெளியே பின்னிய உறை அதைக் காக்கும். கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கயிறு சுற்றும்போது பார்க்க வேண்டும். ஓர் அடி பிடிப்பார், விரலால் நசுக்கிப் பார்ப்பார், அடுத்த அடிக்குப் போவார். மெத்தென்று அமுங்கும் இடம் ஏதாவது உண்டா என்று தேடுகிறாராம். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் தெரியாமல் கயிற்றின்மேல் கால் வைத்துவிட்டான். "கயித்தை மிதிக்காத கண்ணு. மண்ணு உள்ள போச்சுன்னா வெளியில தெரியாது, உள்ளாற அறுத்துட்டே இருக்கும்" என்றார். பட்டாளத்தில் மலையேற்றம் கற்றவர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது. இவர்களுக்குச் சாமானைப் பார்ப்பது முதல் வேலை. உச்சி, படம், கொடியெல்லாம் அப்புறம்தான்.

சரி, ராணுவத்துக்கு மலையேற்றம் எதற்கு? பொழுதுபோக்குக்கு என்று நினைத்தால் பாதிதான் சரி. 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறிய பிறகு, 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சிக்கு டென்சிங் பொறுப்பு. முதல்வராக வந்தவர் மேஜர் என்.டி. ஜெயால் என்ற ராணுவ அதிகாரி. அவர் 1958இல் சோ ஓயு மலைப் பயணத்தில் இறந்தார். எவரெஸ்டுக்கு 1960இல் போன முதல் இந்தியக் குழுவுக்குப் பிரிகேடியர் கியான் சிங் தலைவர், 1962 குழுவுக்கு மேஜர் ஜான் டயஸ். 1965இல் கடற்படை அதிகாரி எம்.எஸ். கோலி தலைமையில் போன குழுதான் ஒன்பது பேரை உச்சியில் ஏற்றியது. அந்த ஒன்பது பேரில் ஒருவரான எச்.பி.எஸ். அலுவாலியா அதே ஆண்டு பாகிஸ்தானுடனான போரில் குண்டடிபட்டு நடக்க முடியாமல் போனார். பிற்பாடு டெல்லியில் முதுகுத்தண்டு சிகிச்சைக்கென்றே பெரிய மருத்துவமனையை உருவாக்கினார்.

இன்னொரு பக்கம் லடாக்கின் வடக்கே உள்ள சியாச்சின் பனியாறு. கர்னல் நரேந்திர குமார் 1978இலும் 1981இலும் அந்தப் பனியாற்றுக்கு மலையேற்றக் குழுக்களைக் கூட்டிப்போனார். அவர் கொண்டுவந்த படங்களும் வரைபடங்களும் குறிப்புகளும்தான் 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினைக் கைப்பற்ற இந்திய ராணுவம் தொடங்கிய மேகதூத் நடவடிக்கைக்கு அடித்தளம். மலையேற்றப் பயணம் என்ற பெயரில் போனது, ஆறு வருஷத்தில் எல்லையையே தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. காஷ்மீரின் குல்மார்க்கில் 1948லிருந்து இயங்கும் உயர்மலைப் போர்ப் பள்ளியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். படைக்கு மலை தெரிந்த ஆட்கள் தேவை. அந்தத் தேவைதான் வீரனுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளுக்கெல்லாம் ஊற்று.

பிரிட்டனில் பட்டாள மலையேற்றம் அசல் கிளப் வடிவத்தில் இருக்கிறது. அங்கே ராணுவ மலையேற்றச் சங்கம் 1957இல் தொடங்கியது. உறுப்பினர் சேர்ந்து, சந்தா கட்டி, ஒன்றாக மலைக்குப் போகிறார்கள். 1970 மே 20 அன்று அந்தச் சங்கத்தின் ஹென்றி டேயும் ஜெரி ஓவன்ஸும் அன்னபூர்ணா உச்சியை அடைந்தார்கள். 1950க்குப் பிறகு அந்த மலையில் யாரும் ஏறியிருக்கவில்லை. நம் ஊரில் கிளப் என்ற பலகை பெரிதாகத் தெரியாது. ரெஜிமென்ட், யூனிட், அதற்கு மேல் ராணுவச் சாகசப் பிரிவு என்று அடுக்கடுக்காக வேலை நடக்கும். யூனிட்டில் அறிவிப்பு வரும், பெயர் கொடுப்பார்கள், ஓடவிட்டு, சுமை தூக்கவிட்டு வடிகட்டுவார்கள், தேறினவர் போவார். பயிற்சிக்குப் போகும் நாட்கள் லீவில் கழியாது, பணி நாட்களாகவே கணக்காகும். பூட்ஸ், ஜாக்கெட், பனியில் ஊன்றும் ஐஸ் ஆக்ஸ் கோடரி, பூட்ஸுக்கடியில் மாட்டும் கிராம்பான் முட்கள் எல்லாம் ஸ்டோரிலிருந்து வரும். இதன் மதிப்பு வெளியே இருப்பவருக்குத்தான் தெரியும். எவரெஸ்ட் ஏற நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டுமே 11,000 டாலராக இருந்தது, 2025இல் அதை 15,000 ஆக்கிவிட்டார்கள். ஷெர்பா கூலி, ஆக்சிஜன், சாப்பாடு எல்லாம் தனி.

படிகள் இப்படி. முதலில் அடிப்படைப் பயிற்சி. டார்ஜிலிங்கிலும், உத்தராகண்டின் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்திலும் அது 28 நாள். டார்ஜிலிங்கில் சேர்ந்தால் முதல் சில நாட்கள் ஊருக்குள்ளேயே டென்சிங் பாறையில் முடிச்சு, ஏற்றம், கயிற்றில் இறங்கும் ராப்லிங். அப்புறம் சிக்கிமின் யுக்சோம் வழியாக நடந்து, ஏறக்குறைய 14,600 அடி உயரத்தில் சௌரிகாங் முகாமுக்குப் போய், பனியாற்றில் மீதிப் பாடம். இதில் ஏ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு விடுவார்கள். அதற்கு மேல் மீட்புப் பணிப் பயிற்சி, பயிற்றுநர் பயிற்சி என்று போகும். ராணுவத்தில் இந்தக் கடைசிப் படியைத் தாண்டியவரை உஸ்தாத் என்பார்கள். அவர் ஹவில்தாராக இருப்பார், எதிரே கயிறு கட்டி நிற்பவர் கேப்டனாக இருப்பார். பாறையில் உஸ்தாத் சொல்வதுதான் சட்டம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உள்ள பெரிய சிக்கல் கயிறு இல்லை, உயரம். பாலக்காட்டு டவுன் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. தென்னாட்டிலேயே உயர்ந்த ஆனமுடி 2,695 மீட்டர், அடியில் சொன்னால் 8,842. ராணுவத்தின் உயரப் பழக்கக் கணக்கோ 9,000 அடியில்தான் தொடங்குகிறது. 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள்: முதல் இரண்டு நாள் ஓய்வு, அடுத்த இரண்டு நாள் மெதுவான நடை, கடைசி இரண்டு நாள் ஏற்றத்தில் நடை. 12,000 முதல் 15,000 வரை இன்னொரு நான்கு நாள். அதற்கு மேல் மறுபடி நான்கு நாள். ஆக, ஆனமுடி உச்சியில் குடிசை போட்டு உட்கார்ந்தாலும் அந்த அட்டவணையின் முதல் நாள் கூடத் தொடங்காது.

இந்த அட்டவணை சும்மா வந்ததில்லை. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து வீரர்களை அவசர அவசரமாக மலைமேல் ஏற்றினார்கள். பலர் குண்டு படாமலேயே நுரையீரலில் நீர் கோத்து விழுந்தார்கள். அதன் பிறகு இந்தர் சிங் தலைமையில் இந்திய மருத்துவர்கள் 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு 1969இல் வெளியானது. உயரநோய் பற்றிப் படிப்பவர்கள் உலகம் முழுக்க இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மையில் தொடங்குவது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதில் முடியலாம். மருந்து உண்டு, ஆக்சிஜன் உண்டு, ஆனால் முதல் வைத்தியம் கீழே இறக்குவதுதான். உடம்பு கெட்டியான ஆளுக்கு வராது என்பது பொய். நன்றாக ஓடுகிறவன்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறான். ராணுவக் குழுவில் போவதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஆறு நாள் என்றால் ஆறு நாள். எத்தனை தெம்பாக இருந்தாலும் ஐந்தாம் நாள் கிளம்ப விடமாட்டார்கள். காசு கட்டிப் போகும் டிரெக்கிங் குழுவில் ரிட்டர்ன் டிக்கெட் எல்லாவற்றையும் அவசரப்படுத்திவிடும்.

அதற்காகப் பயிற்சி நிறுவனம் என்றாலே பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு திரௌபதி கா டாண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவேயில்லை. பிள்ளையை அனுப்பும் வீட்டில் இதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

பட்டாளத்தில் சேராமல் இந்தக் கயிற்றைத் தொட வழி உண்டா? உண்டு, என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படை. பலருக்கு அது பரேடும் சனிக்கிழமை டிபனும்தான். ஆனால் என்.சி.சி.யின் பாறையேற்ற முகாம்கள் நாட்டில் இரண்டே இடத்தில்தான் வழக்கமாக நடக்கின்றன: ஒன்று குவாலியர், இன்னொன்று திருவனந்தபுரம் பக்கத்து நெய்யாறு அணை. ஆண்டுக்கு எட்டு முகாம் என்பது கணக்கு, இரண்டு இடத்துக்கும் நான்கு நான்காக. தென்னாட்டுப் பிள்ளைகளுக்கு இது வீட்டு வாசலில் கிடைக்கும் வாய்ப்பு. முகாமில் தேறினவர்களை டார்ஜிலிங், உத்தரகாசி மாதிரி இடங்களுக்கு என்.சி.சி.யே தன் ஒதுக்கீட்டில் அனுப்புகிறது. மேல்படிக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்றால், 2025 மே 18 அன்று கேடட்கள், அதாவது என்.சி.சி. மாணவர்கள், பத்துப் பேர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். சராசரி வயது 19. முன்னோட்டமாக அவர்களை 7,355 மீட்டர் அபி கமின் சிகரத்துக்கு முந்தைய ஆண்டே அனுப்பிச் சோதித்திருந்தார்கள்.

இங்கே எல்லைப் பக்கத்தவர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பெண் பாலக்காட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் அவள் என்.சி.சி.யின் கேரள, லட்சத்தீவு இயக்ககத்தின் கேடட். எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ சேர்ந்தால் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் இயக்ககம். ஆந்திரத்தின் குப்பம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆந்திர, தெலங்கானா இயக்ககம். முகாம் ஒதுக்கீட்டு இடங்கள் இயக்ககவாரியாகத்தான் பிரிந்து வரும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஹாஸ்டல், பஸ் எல்லாம் பார்க்கிறோம். மலையில் ஆசை உள்ளவர் அந்தக் கல்லூரி என்.சி.சி. யூனிட் கடைசியாக யாரைப் பாறையேற்ற முகாமுக்கு அனுப்பியது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. யூனிட் இருப்பது வேறு, அங்கே மலையில் அக்கறை உள்ள அதிகாரி இருப்பது வேறு. இன்னொன்று, இந்தி. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைக்கு மைதானத்தில் சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்) என்ற இந்திக் கட்டளைகள். முகாம் உஸ்தாத் கயிற்றின் மறுமுனையிலிருந்து கத்துவதும் பெரும்பாலும் இந்தியில்தான். 'நிறுத்து', 'தளர்த்து', 'இழு' இந்த மூன்றையாவது இந்தியில் தெரிந்துகொண்டு போக வேண்டும். பாறையில் யோசிக்க நேரம் இருக்காது.

நாமே போய் உள்ளூர் மலையில் பழகிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இங்கே மலை முக்கால்வாசி வனத்துறைக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் நுழைந்தால் கேரள வனச் சட்டப்படி வழக்கு வரும். மீசப்புலிமலைக்கு வன வளர்ச்சிக் கழகம் வழியாகவும், அகஸ்தியர்கூடத்துக்கு வனத்துறை பாஸ் வாங்கியும் போகலாம். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரிலிருந்து நாற்பது பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்து நடக்க முடிகிறது. இந்தக் கட்டுப்பாடுகள் இறுகியதற்குப் பின்னால் 2018 மார்ச் 11 குரங்கணித் தீ இருக்கிறது. இடுக்கி, தேனி எல்லையில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிய நடைக்குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டுப்பாடு அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் இறந்தவர் பட்டியலில் எத்தனை பேர் இருபதுகளில் இருந்தார்கள் என்று ஒரு தடவை பார்க்கலாம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: இவையெல்லாம் நடைப் பாதைகள். கயிறு கட்டி ஏற முறையான இடம் என்றால் இன்னும் பெங்களூர், ராமநகரம் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

பட்டாளம்தான் ஒரே வழி என்றும் ஆகிவிடாது. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் ஏறிய மாலாவத் பூர்ணாவுக்கு அப்போது பதினான்கு வயது நிறையவில்லை. பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை, ஆந்திர அரசின் சமூகநல உண்டுறைவிடப் பள்ளி மாணவி. இப்போதைய தெலங்கானாவின் புவனகிரிக் கோட்டைப் பாறையில் கயிறு பிடிக்கக் கற்றவர். அங்கே ராணுவத்துக்குப் பதிலாக ஒரு பள்ளி நிர்வாகம் பின்னால் நின்றது. ஏதாவது ஒரு அமைப்பு செலவையும் பொறுப்பையும் ஏற்காமல், ஏழை வீட்டுப் பிள்ளை இமயமலைக்குப் போவது நடக்காது.

மலைக்காகவே பட்டாளத்தில் சேரலாமா என்று பையன்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். 2022லிருந்து வீரர் சேர்க்கை அக்னிவீர் முறையில்தான். நான்கு வருஷம், அதன் முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும். மலையேற்றப் படிகளோ மெதுவானவை. முதலில் வீரர் பயிற்சி முடிய வேண்டும், யூனிட்டில் கால் ஊன்ற வேண்டும், அப்புறம் அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் வர வேண்டும், ஏ கிரேடு வாங்க வேண்டும், அடுத்த சீசனுக்குக் காத்திருக்க வேண்டும். நான்கு வருஷத்தில் உஸ்தாத் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். யூனிட்டுக்கு எங்கே போஸ்டிங் என்பதும் நம் கையில் இல்லை. ராஜஸ்தான் மணலிலேயே இரண்டு வருஷம் போகலாம். பட்டாள வேலை பிடித்துச் சேர்கிறவருக்கு மலை கூடுதல் லாபம், அவ்வளவுதான். கையில் ஏற்கெனவே என்.சி.சி. 'சி' சான்றிதழும் அடிப்படைப் பயிற்சியின் ஏ கிரேடும் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் ஒரு பக்கம், யூனிட்டில் மலையேற்றக் குழுவுக்கு ஆள் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இன்னொரு பக்கம்.

ஆகவே பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை செய்ய வேண்டியது இவ்வளவுதான். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே என்.சி.சி. சேர்க்கை நடக்கும், அதைத் தவறவிடக் கூடாது. இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் 'சி' சான்றிதழுக்கு வேண்டிய வருஷம் போதாமல் போகலாம். நெய்யாறு முகாமுக்குப் பெயர் கேட்கும்போது தயங்காமல் கொடுக்க வேண்டும். இடையில் வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், தோளில் பத்துப் பதினைந்து கிலோ பையோடு ஏற்றத்தில் நடை. பை புதிதாக வாங்க வேண்டியதில்லை, பழைய பையில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டினாலும் எடை எடைதான். முட்டி வலித்தால் மறைக்காமல் அப்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் டார்ஜிலிங் போய் மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்பினால் அந்த இடம் வேறு எந்தக் கேடட்டுக்கும் கிடைக்காமல் வீணாகிவிடும்.